கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது?



இஸ்லாம் பாடம் கற்பிக்கும் ஒரு மௌலவி ஆசிரியருக்குக் கணக்குப் பாடத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அரபுக் கல்லூரியில் ஓதிய எவரையும் கேட்டுப் பாருங்கள். பராஇழ் கிதாபைத் திறக்கும் நாளில், பின்னக் கணக்கு தெரியாத மாணவன் படும் பாட்டை அவர்கள் சொல்வார்கள். எட்டிலொன்று, ஆறிலொன்று, மூன்றில் இரண்டு என்று பங்குகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை ஒரு பொது எண்ணுக்குக் கொண்டுவரத் தெரியாதவனுக்குச் சட்டம் முழுவதும் மனப்பாடமாக இருந்தாலும் ஒரு குடும்பத்தின் சொத்தைப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஆகவே கணக்கைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

இம்மாதம் பேசப்போவது கணக்கில் பின்தங்கிய பிள்ளையைப் பற்றியல்ல. அப்பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வீட்டில் உம்மா, வாப்பா, மாமி, சாச்சி என்று பலர் இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பற்றித்தான் எவரும் கவலைப்படுவதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, மிகுதி நேரம் முழுவதும் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைத் தாண்டி ஆறாம், ஏழாம் தரங்களுக்கு வந்ததும் வீட்டில் ஒரு யோசனை தோன்றும். டியூஷன் வகுப்பில் சொல்லிவிடுவார்கள்: “உங்கள் மகள் கெட்டிக்காரி. ஏழாம் தரக் கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர் குடித்த மாதிரி. ஒன்பதாம் தர வகுப்பில் உட்கார வைப்போம்.” எந்தத் தாயின் உள்ளம் இதைக் கேட்டுக் குளிராது? மறுமாதமே கட்டணம் கூடும், பிள்ளையின் புத்தகப் பையும் பாரமாகும். பக்கத்து வீட்டாரிடம் சொல்வதற்கும் ஒரு செய்தி கிடைக்கும்.

அந்த வகுப்புக்கு அனுப்புமுன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டினால் எவ்வளவு என்று பிள்ளையிடம் கேளுங்கள். “ஆறில் ஐந்து” என்று உடனே சொல்வாள். “ஏன் மகள், மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே உள்ள இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து, ஆகவே ஐந்தில் இரண்டு என்று சொன்னால் என்ன பிழை?” என்று அடுத்ததாகக் கேளுங்கள். அநேகமான பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறும். “அப்படிக் கூட்டக்கூடாது, சேர் சொன்னார்” என்பதுதான் பதிலாக வரும்.

சமையலறைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அரைக் கோப்பை மா எடுத்து ஒரு பாத்திரத்தில் கொட்டுங்கள். அதன்மேல் மூன்றிலொரு கோப்பை மாவைக் கொட்டுங்கள். இப்போது பாத்திரத்தில் இருப்பது அரைக் கோப்பையைவிடக் கூட என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தில் இரண்டு என்பதோ அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? இதைத் தன் வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பின்னம் கைவசமாகியிருக்கிறது. விடை மட்டும் சொன்ன பிள்ளைக்கு ஒரு வழிமுறை மனப்பாடமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது “தலைகீழாகப் புரட்டிப் பெருக்கு” என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஏன் புரட்ட வேண்டும்? ஒன்றரைக் கிலோ சீனியைக் கால் கிலோப் பைகளில் கட்டினால் எத்தனை பை வரும் என்று கடையில் நிற்கும் பையனைக் கேளுங்கள். ஒரு கிலோவுக்கு நாலு பை, அரைக் கிலோவுக்கு இரண்டு பை, மொத்தம் ஆறு என்பான். காலால் வகுப்பது நாலால் பெருக்குவதாக மாறியது எப்படி என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது. கடைப் பையனுக்கு விளங்குவது ஒன்பதாம் தரப் புத்தகத்தைத் தூக்கிச் செல்லும் பிள்ளைக்கு விளங்கவில்லையென்றால், அவளை முன்னே அனுப்புவதில் என்ன பயன்?

கணிதம் மற்றப் பாடங்களைப் போன்றதல்ல. வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் படித்துக்கொள்ளலாம். கணிதத்தில் பின்னம் ஆட்டம் கண்டால் விகிதம் ஆடும். விகிதம் ஆடினால் சதவீதமும் சமன்பாடும் ஆடும். எட்டாம், ஒன்பதாம் தரம்வரை இந்த ஆட்டம் வெளியே தெரியாது, பிள்ளையின் நினைவாற்றல் அதை மூடி மறைத்துவிடும். பத்தாம் தரத்தில் வழிமுறைகள் பெருகி ஒன்றோடொன்று குழம்பும்போதுதான் சுவர் வெடிக்கும். அப்போது க.பொ.த. சாதாரண தரம் வாசலில் நிற்கும். ஆறாம் தரத்தில் “கணக்குப் புலி” என்று பெயர் எடுத்த பிள்ளை சாதாரண தரத்தில் ஒரு சாதாரண சித்தியோடு வெளியே வந்து, “எனக்குக் கணக்கு ஓடாது” என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதை இருபது வருட ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். அதன்பின் உயர்தரத்தில் கணிதப் பிரிவு என்ற பேச்சே அந்த வீட்டில் எழுவதில்லை.

அப்படியானால் கெட்டிக்காரப் பிள்ளையை வகுப்போடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிடலாமா? ஏற்கெனவே தெரிந்த நாற்பது கணக்கை மறுபடியும் செய்ய வைக்கலாமா? அதுவும் அநியாயம்தான். செய்து முடித்தவளுக்குப் பரிசாக இன்னும் இருபது கணக்கு கொடுத்தால், அடுத்த தடவை மெதுவாகச் செய்ய வேண்டும் என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள். முடித்த பிள்ளையை மற்றப் பிள்ளைகளின் கொப்பி திருத்த விடுவதும் நமது பாடசாலைகளில் வழக்கம். இடைக்கிடை செய்தால் நல்லதுதான். தினமும் அதுவே வேலை என்றால், அந்தப் பிள்ளை தனக்காகப் படிப்பது எப்போது?

இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று உலகில் பலர் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பெஞ்சமின் புளூம் 1968 ஆம் ஆண்டில் ஒரு முறையை முன்வைத்தார். பாடத்தைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் புள்ளிக்காக அன்றி, எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு சிறு பரீட்சை வைக்க வேண்டும். ஓட்டை உள்ள பிள்ளைக்கு அதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முழுதாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதே பாடத்தை விரித்துக் காட்டும் வேறு வேலைகள் கொடுக்க வேண்டும். பாடம் கைவசமாவதும் அறிவு விசாலமாவதும் ஒரே திட்டத்துக்குள் வந்தது இப்படித்தான். ஆனால் நடைமுறையில் இரண்டாவது பாதிதான் எப்போதும் மெலிந்து போகும். “விரிவான வேலை” என்ற பெயரில் நிறம் தீட்டும் தாள்களையும் குறுக்கெழுத்துக்களையும் கொடுத்து நேரத்தைப் போக்குவதை நானும் கண்டிருக்கிறேன். அது பிள்ளையைச் சும்மா இருத்தி வைப்பதற்கு ஒரு மரியாதையான பெயர்.

இங்கிலாந்தில் 2014 இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம் இவ்விடயத்தில் தெளிவாகப் பேசுகிறது. பாடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் புதிய பாடத்துக்கு விரட்டுவதற்கு முன், படித்த பாடத்திலேயே ஆழமும் நுணுக்கமும் உள்ள கணக்குகளைக் கொடுத்துச் சவால் விடவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் கதை வேறு. அங்கே 2014 அளவில் எட்டாம் தரத்தில் அட்சரகணித வகுப்பை நிறுத்திவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் ஒன்பதாம் தரத்திலேயே அதைத் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஏழைப் பிள்ளைகள் பின்னே விடப்படக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் வசதியுள்ள பெற்றோர் வெளியே பணம் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டார்கள். வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளை மட்டும் காத்திருந்தது. 2024 இல் நகர மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அந்த வகுப்பு திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதால் பாடம் கைவசமாகிவிடாது என்பதற்கு இதை ஓர் உதாரணமாகவே நான் பார்க்கிறேன்.

உண்மையாகவே முந்திச் செல்ல வேண்டிய பிள்ளைகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. 1971 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் இத்தகைய பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் செல்வோருக்கான பரீட்சையையே வைத்துப் பார்த்தார். அவரது வழியில் நமக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றிருக்கிறது: முதலில் சோதித்துப் பார்ப்பது, பிறகு பிள்ளைக்குத் தெரியாததை மட்டும் கற்பிப்பது. நமது டியூஷன் வகுப்புகளில் சோதனை இல்லாமலே தாண்டுதல் நடக்கிறது. அதுதான் வித்தியாசம்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பாடநூலில் ஓர் அப்பியாசத்தில் இருபது கணக்கு இருந்தால், கடைசியில் உள்ள மிகக் கடினமான ஐந்தை முதலில் செய்யச் சொல்லுங்கள். ஐந்தும் சரி, கேட்டால் காரணமும் சொல்கிறாள் என்றால் மற்றப் பதினைந்தையும் மன்னித்து விடுங்கள். ஒன்று பிழைத்தாலும், அந்தப் பிழை எந்த இடத்தில் நடந்தது என்று அவளையே தேடவிட்டு, அந்த வகைக் கணக்குகளை மட்டும் செய்விக்கலாம். விடை சரியா என்று பார்க்கப் புத்தகத்தின் பின்பக்கம் போதும். மீதமாகும் நேரத்தில்தான் அடுத்த பகுதி தொடங்குகிறது. வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு, எந்த வழிமுறையும் சொல்லிக் கொடுக்கப்படாத கணக்கு கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் நீங்களும் கேள்விப்பட்ட ஒட்டகக் கதை. ஒருவர் பதினேழு ஒட்டகங்களை விட்டு மரணித்தார். மூத்தவனுக்கு அரைவாசி, நடுவிலானுக்கு மூன்றிலொன்று, இளையவனுக்கு ஒன்பதிலொன்று என்று சொல்லிவைத்திருந்தாராம். பதினேழை இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. அறிவாளி ஒருவர் தன் ஒட்டகத்தையும் கொண்டுவந்து சேர்த்தார். பதினெட்டாகியது. ஒன்பது, ஆறு, இரண்டு என்று பிரித்துக் கொடுத்தார், பதினேழு போயிற்று. மிஞ்சிய தன் ஒட்டகத்தில் ஏறிப் போய்விட்டார். (இது கணக்குக்காகச் சொல்லப்படும் கதை, சகோதரிகளே. நமது சட்டத்தில் ஆண்மக்களுக்குச் சம பங்குதான். மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு வஸிய்யத் செய்வதும் செல்லாது. இதைக் காட்டி யாரும் என்னிடம் பத்வா கேட்டு வரவேண்டாம்.)

கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனால் அது வெறும் பொழுதுபோக்கு. “அந்த ஒட்டகம் எப்படி மிஞ்சியது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஆகட்டும். பின்னங்களைக் கூட்டத் தெரிந்த பிள்ளை மூன்றையும் பதினெட்டுக்குக் கொண்டுவந்து 9/18, 6/18, 2/18 என்று எழுதிப் பார்க்கும். கூட்டினால் 17/18. “உம்மா, அவர் முழுச் சொத்தையும் பிரிக்கவே சொல்லவில்லையே!” என்று ஓடிவரும். அப்போது அடுத்த கேள்வியைப் போடுங்கள்: இதேபோல் நீயும் ஒரு கதை கட்டு பார்க்கலாம். ஏழு ஆடுகளும் அரை, கால், அரைக்கால் என்ற பங்குகளும் வைத்து ஒரு பிள்ளை கட்டும். பதினொரு ஒட்டகத்துக்கு அரை, கால், ஆறிலொன்று என்று இன்னொரு பிள்ளை கண்டுபிடிக்கும். எல்லா எண்ணுக்கும் இப்படிக் கட்ட முடியுமா என்று தேடத் தொடங்கினால், உங்கள் வீட்டில் ஒரு கணித அறிஞர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பாருங்கள், இதில் எட்டாம் தரப் பாடமோ ஒன்பதாம் தரப் பாடமோ எதுவும் வரவில்லை. இருப்பது பொது மடங்குகளுட் சிறியதைக் காண்பதும் பின்னங்களைக் கூட்டுவதும்தான். ஆனால் அவை கைவசமில்லாத பிள்ளைக்கு இந்தக் கேள்வி வெறும் கதையாகவே நின்றுவிடும். கைவசமான பிள்ளைக்கோ இது இருபது அப்பியாசக் கணக்குகளின் வேலையைச் செய்துவிடும். இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்து எது கூட, எது குறைய என்று பார்க்க வேண்டியதில்லை. நல்ல கணக்கு என்றால் ஒரே கணக்கே இரண்டையும் செய்யும்.

ஒட்டகக் கதையில் பங்குகள் ஒன்றுக்குக் குறைந்தன. ஒன்றுக்கு மேலே போனால்? இது கற்பனையல்ல, பராஇழில் உள்ளது. ஒருவர் மரணிக்கிறார். மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தந்தை இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டிலொன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு ஆறிலொன்று, தந்தைக்கு ஆறிலொன்று. இருபத்து நாலுக்குக் கொண்டுவந்தால் 3, 16, 4, 4. கூட்டினால் 27. இருபத்து நாலு பங்குள்ள சொத்தில் இருபத்தேழு பங்கு எப்படிக் கொடுப்பது? அலி (ரழி) அவர்கள் மிம்பரில் நின்றிருந்தபோது இக்கேள்வி கேட்கப்பட்டதாகவும், அந்த இடத்திலேயே, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாக ஆகிவிட்டது என்று அவர்கள் பதில் சொன்னதாகவும் அறிவிக்கப்படுகிறது. அதனால் இதற்கு “மிம்பரிய்யா” என்றே பெயர். சொத்தை இருபத்தேழாகப் பிரித்து, மனைவிக்கு மூன்று கொடுத்தால் 3/27, அதாவது ஒன்பதிலொன்று. இருபத்தேழு இலட்சம் ரூபாய் என்றால் மனைவிக்கு 3 இலட்சம், பெண்மக்கள் இருவருக்கும் 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4.

ஏழாம் தரப் பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். பின்னங்களின் கூட்டுத்தொகை ஒன்றுக்கு மேல் போவதன் பொருள் என்ன என்று முதல் தடவையாக அது யோசிக்கும். “இப்படிச் செய்தால் யாருக்காவது கூடுதலாக நட்டமா, எல்லோருக்கும் ஒரே அளவா?” என்று அடுத்துக் கேளுங்கள். ஒவ்வொருவரின் பங்கும் முன்பிருந்ததில் 24/27, அதாவது 8/9 ஆகக் குறைகிறது. எல்லோருக்கும் ஒரே விகிதம். இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை விகிதம் என்ற பாடத்தின் உயிரையே பிடித்துவிட்டது.

கலீபா மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல்லே வந்தது. அந்த நூலின் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கு ஆகியவற்றின் கணக்குகள்தான். மக்களுக்கு நாளாந்தம் தேவைப்பட்ட கணக்கை ஆழமாகப் பார்த்ததில் ஒரு புதிய கலையே தெளிவுபெற்றது. நமது பிள்ளைகள் அட்சரகணிதத்தை ஏதோ மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்த சாமான் போலப் பார்ப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

ஒரு விடயத்தில் உங்கள் பொறுமை தேவைப்படும். எல்லாவற்றுக்கும் உடனே விடை சொல்லிப் பழகிய பிள்ளை முதன்முறையாக விடை வராத கணக்கைச் சந்திக்கும்போது அழும், கொப்பியை எறியும், “இது பாடத்தில் இல்லை” என்று சண்டை பிடிக்கும். உதவிக்கு ஓடாதீர்கள். “இதுவரை என்ன செய்து பார்த்தாய், காட்டு” என்று மட்டும் கேளுங்கள். சாதாரண தரம், உயர்தரம் என்று போகப் போக விடை உடனே வராத கணக்குகளே அதிகம். அதை முதன்முதலாகப் பரீட்சை மண்டபத்தில் சந்திப்பதைவிட, பன்னிரண்டு வயதில் உம்மாவுக்குப் பக்கத்தில் சந்திப்பது எவ்வளவோ மேல்.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் ஒரு வார்த்தை. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் கணக்கில் ஒரே மாதிரிக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். மகனுக்கு இரண்டு டியூஷன் வகுப்பு, மகளுக்கு “அவள் எப்படியும் பாஸ் பண்ணுவாள்” என்ற ஒரு வார்த்தை. வகுப்புக்கு அனுப்ப முடியாததற்கு வீட்டுக்கு வீடு காரணம் இருக்கும், அதற்குள் நான் நுழைய வரவில்லை. ஆனால் மேலே சொன்ன எதற்கும் ஒரு சதமும் செலவில்லை. பாடநூலை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. மாவும் கோப்பையும் வீட்டில் இருக்கின்றன. ஒன்பதாம் தர வகுப்புக்கு இரண்டு வருடம் முந்திப் போகும் அண்ணனைவிட, ஏழாம் தரப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த தங்கை கணக்கில் நிலைத்து நிற்பாள் என்பதே என் அனுபவம்.

டியூஷனுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றால், “எத்தனையாம் பாடத்தில் நிற்கிறீர்கள்?” என்று ஆசிரியரிடம் கேட்பதை விட்டுவிட்டு, “போன மாதம் என் பிள்ளை எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாள்?” என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய ஆசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இம்மாதத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன். பராஇழ் கிதாபுகளில் உள்ளதுதான். ஒரு பெண் மரணிக்கிறாள். பிள்ளைகளோ பெற்றோரோ இல்லை. கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் இருக்கிறார்கள். கணவனுக்கு அரைவாசி, சகோதரிகள் இருவருக்குமாக மூன்றில் இரண்டு. அவள் விட்டுச் சென்றது 42 இலட்சம் ரூபாய். யாருக்கு எவ்வளவு? ஒவ்வொருவரின் பங்கும் முன்பிருந்ததில் எத்தனையில் எத்தனையாகக் குறைந்தது? விடையோடு, அது ஏன் சரி என்று இரண்டு வரியும் உங்கள் பிள்ளை தன் கையால் எழுதட்டும். ஒட்டகக் கதை கட்டிய பிள்ளைகள் அதையும் சேர்த்து அனுப்பலாம். அடுத்த இதழில் விடையைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.